கமலா என்று நாம் அழைத்தவளின் பிறந்தநாள்

ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை மணி இருக்கும். சிதம்பரம் தொலைபேசி நிலையத்தில் ஸ்விட்ச்போர்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். கடலூர் லைன் கூப்பிட்டது. எடுத்து "சிதம்பரம்" என்றேன். வழக்கமாக மறுமுனையில் உடனே நம்பர் சொல்வார்கள். அன்று மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கடலூரில் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் குரல் வந்தது. "ஜெயாக்கா, நம்ம கமலாக்கா போய்ட்டாங்கக்கா. விடிகாலைல, ஆஸ்பத்திரில. மஞ்சக் காமாலை முத்திடுச்சாம்." நான் "சரிம்மா" என்றேன். உள்ளூர் வியாபாரி ஒருவர் பாண்டிச்சேரி கேட்டுக் காத்துக்கொண்டிருந்தார். அவருக்கு லைன் கொடுத்தேன். அடுத்தவருக்கும் கொடுத்தேன். மூன்றாவது ஆள் கடலூர் கேட்டபோதுதான் ஹெட்செட்டைக் கழற்றி வைத்தேன்.

அவள் பத்து நாளாக லீவில் இருப்பது எனக்குத் தெரியும். பத்தியம் இருந்தால் தேறிவிடுவாள் என்று நினைத்தேன். ஒன்றரை மணி நேர ரயில் பயணம்தான். போய்ப் பார்க்கவில்லை.

கடலூர் நிலையத்தில் அவளோடு வேலை செய்த உங்களுக்கு அவளைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண். அந்தக் குப்பத்திலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்து மத்திய சர்க்கார் வேலைக்கு வந்த முதல் பெண். ஆள் குள்ளம். போர்டின் மேல்வரிசையில் இணைப்பு ஒயரைச் செருக எழுந்து நின்றுதான் ஆக வேண்டும். நானும் கடலூரில் இருந்தபோது ஒருமுறை புயல் மழையில் மெட்ராஸ் லைன் அறுந்து கிடந்தது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் மனைவியைச் சேர்த்திருந்த ஒருவர் அரைமணிக்கு ஒருதரம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் எரிச்சலில் "லைன் இல்லைன்னு எத்தனை தரம் சொல்றது" என்றுவிட்டேன். கமலா என் ஹெட்செட்டை வாங்கிக்கொண்டு, "சார், லைன் வந்ததும் மொத கால் உங்களுதுதான். நான் போர்டை விட்டு எழுந்திருக்க மாட்டேன்" என்றாள். சொன்னபடியே எழுந்திருக்கவில்லை. பிறகு என்னிடம், "லைன்ல இருக்கறவங்கள காக்க வைக்கலாம் ஜெயா. பயமுறுத்தக் கூடாது" என்றாள். அவளிடம் பழகிய எல்லாருக்கும் இப்படி ஒரு நிகழ்ச்சி இருக்கும்.

நான் எழுத வந்தது உங்களுக்குத் தெரியாத ஒன்றை. எழுதலாமா கூடாதா என்று சில நாள் யோசித்தேன்.

கடலூரில் நான் வேலையில் சேர்ந்தது அறுபதாம் வருஷம். சர்வீஸ் ரெஜிஸ்டர்படி கமலா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அதனால் அவளை அக்கா என்று கூப்பிட்டேன். அந்த வருஷம் ஆகஸ்ட் பதினோராம் தேதி அவள் பிறந்தநாள் என்று தெரிந்து, வீட்டிலிருந்து கேசரி கிளறிக்கொண்டு போனேன். எங்கள் வீட்டில் பிறந்தநாள் கொண்டாடும் வழக்கமெல்லாம் கிடையாது. நட்சத்திரத்தன்று அம்மா தலைக்கு எண்ணெய் வைப்பாள், அதோடு சரி. நிலையத்தில் கான்வென்டில் படித்த பெண்கள் ஒருவருக்கொருவர் செய்வதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்திருந்தது. கமலா ஒரு வாய் எடுத்துக்கொண்டாள். சிரித்தாள். ஆனால் டிபன் டப்பாவை மூடி என் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

"கோச்சுக்காத ஜெயா. இந்த நாள் வந்தாலே எனக்கு எப்படா முடியும்னு இருக்கும். சாயங்காலம் எங்க வீட்டுக்கு வா. வந்து பாரு, உனக்கே தெரியும்" என்றாள்.

டூட்டி முடிந்து அவளோடு போனேன். ஓட்டு வீடு, ஒரே கூடம். அவளுடைய அம்மா வாசலில் காத்துக்கொண்டிருந்தார். தலைமுழுகி, வெளுத்த புடவை கட்டி, திருமணத்துக்குப் போவதுபோல இருந்தார். குப்பத்தில் யார் வீட்டிலும் பிறந்தநாள் என்ற பேச்சே கிடையாது. அந்த அம்மாள் மட்டும் வருஷம் தவறாமல் செய்தார். புதுத் துணி, பாயசம், வடை, தலைவாழை இலை. கமலா இலையின் முன் உட்கார்ந்தாள். அம்மாள் எதிரே உட்கார்ந்து அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைத்தான் சொல்ல வேண்டும். கமலாவின் முகத்தில் படுவதுபோலத் தெரிந்தாலும் அது அங்கே நிற்கவில்லை. அவளுக்குப் பின்னால் சுவர் ஓரத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. நான்கூட ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். சுவரில் ஆணியில் மாட்டிய மஞ்சள் பைதான் இருந்தது.

தெருமுனைவரை என்னை விட வந்தபோது கமலா சொன்னாள்: "சின்ன வயசுலேர்ந்து இப்படித்தான். ஒவ்வொரு வருஷமும் பாவாடை சட்டை தைப்பாங்க. என்னைக் கூட்டிட்டுப் போய் அளவு குடுக்க மாட்டாங்க. டெய்லர்கிட்ட வயச மட்டும் சொல்லி, 'எட்டு வயசுப் பொண்ணுக்கு தை', 'ஒம்போது வயசுப் பொண்ணுக்கு தை'ம்பாங்க. தொளதொளன்னு தரையில புரளும். 'வளரவே மாட்டேங்கறியேடி'ன்னு என்னியத்தான் திட்டுவாங்க. நான் ஏதோ தப்புப் பண்ற மாதிரியே இருக்கும்."

கமலாவுக்கு ஒரு தங்கை இருந்தாளாம். பெயர் அஞ்சலை. கைக்குழந்தையிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். அப்போது அவர்கள் கிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் குப்பத்தில் இருந்தார்கள். அது அம்மாவின் ஊர். கமலாவைப் பள்ளியில் சேர்க்கும் சமயத்தில் குடும்பம் தேவனாம்பட்டினத்துக்கு வந்துவிட்டது. அதன் பிறகு அம்மா ஒருநாளும் பிறந்த ஊருக்குப் போனதில்லை. அப்பா அவள் படித்துக்கொண்டிருந்தபோதே இறந்துபோனார். கமலா எனக்குச் சொன்னது இவ்வளவுதான். அவளுக்குத் தெரிந்ததும் இவ்வளவுதான்.

இரண்டு வருஷம் கழித்து, மாசி மாதத்தில், நெல்லிக்குப்பத்திலிருந்து அவளுக்கு ஒரு வரன் வந்தது. பையன் பள்ளி ஆசிரியர். பெண்ணை அவர்களுக்குப் பிடித்திருந்தது. ஜாதகம் மட்டும் கேட்டார்கள். கமலாவுக்கு ஜாதகம் இல்லை. பள்ளிச் சர்டிபிகேட்டில் இருக்கும் தேதியைக் காட்டினால், "அது வாத்தியார் போட்ட தேதியா, நிஜ தேதியா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், அந்த நாளில் பாதிப் பேருடைய தேதி வாத்தியார் போட்டது. அம்மாவைக் கேட்டால், "அதான் பேப்பர்ல இருக்குதே" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

என் தாய்மாமா அப்போது சிதம்பரம் தாலுகா ஆபீஸில் இருந்தார். "வாங்கக்கா, பழைய பதிவேட்டைப் பாத்துடலாம். ஒரு மணி நேர வேலை" என்று அவளை அழைத்துக்கொண்டு போனது நான்தான். நான் சொல்லாவிட்டால் அவள் போயிருக்கவே மாட்டாள்.

ரயிலில் அவள் உற்சாகமாக இருந்தாள். கிள்ளை ஸ்டேஷன் வந்ததும் எட்டிப் பார்த்து, "இங்கதான் நான் பொறந்தேன்" என்றாள். மாமா எங்களை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போய்ப் பதிவேட்டை எடுத்து வந்தார். தேடுவதற்கு நேரம் ஆகவில்லை. ஆகஸ்ட் பதினொன்று, பெண், கமலா, தகப்பன் பெயர், ஊர். எல்லாம் சரியாக இருந்தது. "வாத்தியார் போட்டதில்லம்மா, நிஜ தேதியேதான்" என்று மாமா சிரித்தார். எனக்கும் சந்தோஷம்.

அங்கேயே எழுந்து வந்திருக்கலாம். கமலாதான் கேட்டாள். "சார், எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. அவ பொறந்த தேதியும் இருக்குமா? வீட்ல யாருக்கும் தெரியல." மாமா பக்கங்களைப் புரட்டினார். இரண்டு வருஷம் மூன்று மாதம் தள்ளி இருந்தது. நவம்பர் இருபத்துமூன்று, பெண், அஞ்சலை. "செத்த தேதியும் பாத்துடலாமா?" என்று அவரே இறப்புப் பதிவேட்டை எடுத்து வந்தார். விரலை வரிசையாக ஓட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்த ஊர்ல, அந்தத் தகப்பன் பேருக்கு, அடுத்த பிப்ரவரில ஒரு சாவுதான் இருக்கு. காய்ச்சல். வயசு ரெண்டரை. பேரு கமலான்னு போட்டிருக்கு." பிறகு அவசரமாக, "மணியக்காரர் மாத்தி எழுதியிருப்பாரும்மா. ரெண்டு பேரையும் கொழப்பிக்கிட்டிருப்பார்" என்றார்.

கமலா அந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகச் சொன்னாள்: "மாத்தி எழுதல சார். பேரு வேணா மாறலாம். வயசு எப்படி மாறும்?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "கிளாஸ்ல எல்லாருக்கும் பல்லு விழுந்து மொளச்சிடுச்சு ஜெயா. எனக்கு மட்டும் ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் ஆட ஆரம்பிச்சுது. டீச்சர்கூடக் கேட்டாங்க."

திரும்பும்போது ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பரங்கிப்பேட்டை தாண்டியதும் என் தோளில் சாய்ந்துகொண்டு, "அப்ப நீ என்னைவிட அஞ்சு மாசம் பெரியவ. இனிமே நான்தான் உன்னிய அக்கான்னு கூப்புடணும்" என்றாள். சிரித்தோம். சிரிப்பை நிறுத்திய பிறகும் அவள் என் தோளிலிருந்து தலையை எடுக்கவில்லை.

வரனை அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "எந்தத் தேதிய எழுதிக் குடுக்கறது? அவ தேதியக் குடுத்தா, செத்த புள்ளைக்குக் கல்யாணம் பண்ற மாதிரி. என் தேதியக் குடுத்தா, எங்கம்மா உக்காந்து கமலாவுக்கு எழவு எடுக்கணும். ரெண்டும் என்னால முடியாது." அம்மாவிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்கச் சொல்லி நான் எவ்வளவோ வற்புறுத்தினேன். "கேட்டா அவுங்க என்ன பண்ணுவாங்க? அவுங்களுக்கு ஒரு பொண்ணுதான் இருக்கா. அவளையும் நான் எடுத்துடணுமா?" என்றாள்.

அந்த ஆகஸ்டும் வந்தது. நானும் போயிருந்தேன். அதே இலை, அதே பாயசம். கமலா எல்லாவற்றையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு தெருக் குழாய்க்குப் போனாள். அவள் தலை மறைந்ததும் அம்மாள் என்னைக் கேட்டார்.

"சிதம்பரத்துக்குப் போனீங்களாமே ரெண்டு பேரும்."

"கோயிலுக்கும்மா" என்றேன்.

"கோயிலுக்குப் போய்ட்டு வந்தவ மூஞ்சியா அது?" அவர் இலையை மடித்துக்கொண்டே பேசினார். குரலில் கோபமோ அழுகையோ இல்லை. "ரெண்டு புள்ளைங்க இருந்துச்சு. ஒண்ணு போச்சு. எது போச்சுன்னு நான்தானே சொல்லணும்? கமலா வாய் நிறைய அம்மான்னு கூப்புடுவா. நான் மீன் கூடையத் தூக்குனா புடவைய இழுத்துகினு அழுவா. அது போச்சுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அஞ்சல மூணு மாசப் புள்ள, பால் குடிக்கிற புள்ள. தூக்கி வச்சிகினு கமலா கமலான்னு கூப்ட்டேன். திரும்பிப் பாத்து சிரிச்சுது. அவ்ளோதான். ஊர்ல எல்லாரும் அஞ்சல அஞ்சலன்னே சொல்லிகினு இருந்தாங்க. அதான் அவுங்கப்பன இட்டுகினு இங்க வந்துட்டேன்."

"அப்ப அஞ்சலை?" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அதுக்குத்தான் நான் அழவே இல்லியே" என்றார். குடத்தோடு கமலா உள்ளே வந்தாள். அம்மாள் எழுந்து போய்க் குடத்தை வாங்கிக்கொண்டு, "ஈரத்துல நிக்காதடி கமலா" என்றார்.

இதை நான் கமலாவிடம் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று இன்றும் தெரியவில்லை.

அந்த வருஷம் நவம்பர் இருபத்துமூன்று அன்று டூட்டி இடைவேளையில் இருவரும் நிலையத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். இனிப்பு எதுவும் வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லியிருந்தாள். "ஒரு தரம் அந்தப் பேரச் சொல்லிக் கூப்புடு" என்றாள். "அஞ்சலை" என்றேன். அவள் அசையவில்லை. "இன்னொரு தரம்" என்றாள். கூப்பிட்டேன். சற்றுத் தள்ளி யாரோ நிற்பதுபோல மரத்தின் பக்கம் பார்த்தாள். "வேற யாரையோ கூப்புடற மாதிரி இருக்கு ஜெயா" என்றாள். முழங்கையெல்லாம் மயிர்க்கூச்செறிந்திருந்தது. எனக்கும்தான்.

மறுவருஷம் நான் சிதம்பரத்துக்கு மாற்றலாகி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நவம்பர் இருபத்துமூன்றிலும் காலை லைன் சோதிக்கும்போது, கடலூரில் அவள் இருக்கிறாள் என்று தெரிந்தால், "அஞ்சலை" என்பேன். முதல் வருஷம் மௌனம். அடுத்த வருஷம் "ம்" என்றாள். அதற்கடுத்த வருஷம், நான் முடிப்பதற்குள், "இருக்கேன், இருக்கேன்" என்று அவசரமாகச் சொல்லி அழுதுவிட்டாள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் கெட்ட செய்தி என்று நினைத்தார்கள். எனக்குத் தெரிந்து இதைத் தவிர வேறெந்தக் கொண்டாட்டமும் அவளுக்கு நடந்ததில்லை. பிறந்தநாள் என்றால் என்ன என்று அவளிடம்தான் தெரிந்துகொண்டேன். ஒருதரம் சொன்னாள்: "வேற ஒண்ணும் இல்ல ஜெயா. நீ வந்தது எனக்குத் தெரியும்னு ஒருத்தர் சொல்றது. அவ்ளோதான். எங்கம்மா அத வேற ஒருத்திகிட்ட சொல்லிகிட்டு இருந்தாங்க."

போன வருஷம் நான் மறந்துபோனேன். என் மகனுக்கு அம்மை போட்டிருந்தது. நாளும் கிழமையும் நினைவில்லை. நாலு நாள் கழித்து ஞாபகம் வந்து கூப்பிட்டேன். இருபத்துமூன்றாம் தேதி காலை ஆறு மணியிலிருந்து டூட்டி முடியும்வரை அவள் போர்டை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்ததாக உங்களில் சிலர் பிறகு சொன்னீர்கள். அவள் அதைச் சொல்லவில்லை. "பரவால்ல ஜெயா. மறந்துட்டேன்னு நீ வருத்தப்படறதுக்காவது எனக்கு ஒரு நாள் இருக்கே" என்றாள். அடுத்த நவம்பருக்கு அவள் இல்லை.

செய்தி வந்த அன்று மத்தியானம் தேவனாம்பட்டினம் போய்ச் சேர்ந்தேன். அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். உடம்பெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது. அம்மாள் தலைமாட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். சுற்றியிருந்த பெண்கள் அவரை அழ வைக்கப் பார்த்தார்கள். "அழும்மா. வாய் விட்டு அழுதுடு. உன் கமலா போயிட்டாளே" என்று ஒருத்தி உலுக்கினாள்.

"கமலா டூட்டிக்குப் போயிருக்கா" என்றார் அம்மாள். "இது அஞ்சல. அஞ்சலதான் போயிட்டா."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "புத்தி கலங்கிடுச்சு, பாவம்" என்று என் காதருகே யாரோ சொன்னார்கள். அந்த வீட்டில் அவர் சொன்னது உண்மை என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். பிறகு அவர் அழுதார். முப்பத்துமூன்று வயது மகளின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, தொட்டிலிலிருந்து எடுத்த பிள்ளையைக் கேட்பதுபோல, "அஞ்சல, அஞ்சல, பால் குடிக்கலியே நீ" என்று அழுதார். நான் வாசலுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் சாவைப் பதியப் பக்கத்து வீட்டுக்காரர் போனபோது நானும் போனேன். பெயர் கேட்டார்கள். அவர் கமலா என்றார். வயது முப்பத்தைந்து என்றார். ஆபீஸ் காகிதம் எல்லாம் அந்தப் பெயரில்தான். வேறென்ன சொல்ல முடியும்? நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது பதிவேடுகளில் கமலா இரண்டு முறை இறந்திருக்கிறாள். அஞ்சலை பிறந்ததற்குச் சான்று இருக்கிறது. இறந்ததற்கு எங்கேயும் இல்லை.

போன வாரம் உங்கள் கடிதம் வந்தது. வருகிற ஆகஸ்ட் பதினொன்று அன்று கமலாவின் நினைவாகக் குப்பத்துப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும் இனிப்பும் கொடுக்கலாம் என்று முடிவு செய்திருப்பதாகவும், வருஷா வருஷம் தொடரலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகுதான் இதையெல்லாம் எழுதுவது என்று தீர்மானித்தேன். நிறுத்தச் சொல்லவில்லை. அந்த நாளும் ஒரு பிள்ளையின் பிறந்தநாள்தான். இரண்டரை வயதில் போன, அம்மா என்று வாய் நிறையக் கூப்பிட்ட ஒரு பிள்ளை. ஆனால் நம்மோடு போர்டில் உட்கார்ந்தவள் அன்று பிறக்கவில்லை. அவளுக்காகச் செய்வதாக இருந்தால் நவம்பர் இருபத்துமூன்று அன்று செய்யுங்கள். அவள் அம்மாவிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்க வேண்டாம்.

என்னிடம் அவளுடைய போட்டோ இல்லை. இருப்பது ஒரு துண்டுச் சீட்டு. சிதம்பரத்தில் அன்று மாமா பதிவேட்டைப் பார்த்துப் பென்சிலால் எழுதிக் கொடுத்தது. வீட்டில் வைத்தால் அம்மா கண்ணில் படும் என்று என்னிடமே கொடுத்து வைத்திருந்தாள். அதைப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். நான் இருக்கும்வரை அது அங்கேதான் இருக்கும். தேதி, தகப்பன் பெயர், ஊர், அஞ்சலை என்ற பெயர் எல்லாம் அதில் இருக்கின்றன. கடைசியில், பதிவேட்டில் அதற்கென்று இருந்த கட்டத்தைப் பார்த்து, மாமா எழுதிய இரண்டு சொற்கள்: உயிருடன் பிறந்தது.